கணினிக் கேள்வி பதில்: ஏறிக்கொண்டே போகும் எண்கள்

கேள்வி: எங்கள் மளிகைக் கடையின் பில்லிங் மென்பொருள் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஓடுகிறது. மாலை 6 மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்தால் பில் வர நேரமாகிறது. சர்வரின் நிலவர எண்களைக் காட்டும் ‘மைஎஸ்க்யூஎல்அட்மின் எக்ஸ்டெண்டட்-ஸ்டேட்டஸ்’ கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான வரிகள், பெரிய பெரிய எண்கள். எதைப் பார்ப்பது?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அவை சர்வர் கிளம்பியது முதல் சேர்ந்த மொத்தம். 6 மணிக்கு என்ன நடந்தது என்பது அதில் தெரியாது. கட்டளையோடு ‘-ஆர்’, ‘-ஐ 10’ இரண்டையும் சேருங்கள். இரண்டும் சின்ன எழுத்து. முதல் திரை அப்போதும் மொத்தத்தையே காட்டும், விட்டுவிடுங்கள். அடுத்ததிலிருந்து 10 விநாடியில் கூடியது மட்டும் வரும். ‘த்ரெட்ஸ்_ரன்னிங்’ (வேலை செய்துகொண்டிருக்கும் இணைப்புகள்) அந்த நொடி நிலவரம் என்பதால், அதை ‘-ஆர்’ இல்லாமல் தனியே பாருங்கள்.

‘க்ரெப்’ கட்டளை கொண்டு நாலைந்து வரிகளை வடிகட்டினால் போதும். முதலில் ‘இன்னோடிபி_பஃபர்_பூல்_ரீட்ஸ்’. நினைவகத்தில் கிடைக்காமல் டிஸ்க்குக்குப் போன வாசிப்புகளின் எண்ணிக்கை இது. காலையில் சொற்பமாக இருந்து மாலையில் எகிறினால் பஃபர் பூல், அதாவது டேட்டாவை வைத்துக்கொள்ளும் நினைவகப் பகுதி, போதவில்லை. யாரும் தொடாத சர்வரில் அது வெறும் 128 எம்பி! 8 ஜிபி ரேம் இருந்தால் 4 ஜிபி கொடுக்கலாம். 5.7 பதிப்பு முதல் சர்வரை நிறுத்தாமலே மாற்றலாம். ஆனால் சர்வரின் கான்ஃபிக் கோப்பிலும் எழுதாவிட்டால் ரீஸ்டார்ட் ஆனதும் பழைய அளவுக்கே திரும்பிவிடும்.

அந்த டிஸ்க் வாசிப்பு எண் அசையாமல் ‘ஹேண்ட்லர்_ரீட்_ஆர்என்டி_நெக்ஸ்ட்’ ஏறினால், டேபிளை அடியிலிருந்து நுனிவரை புரட்டுகிறது என்று பொருள். வேண்டியது புத்தகப் பொருளடைவு போன்ற இண்டெக்ஸ்; ரேம் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். ‘ஸ்லோ_க்வெரிஸ்’ 0 என்பதை நம்பவும் வேண்டாம். மாற்றாமல் விட்டால் 10 விநாடியைத் தாண்டிய க்வெரிகளைத்தான் அது எண்ணும். கவுண்டரில் நிற்பவருக்கு 3 விநாடியே அதிகம். அந்த வரம்பான ‘லாங்_க்வெரி_டைம்’ மதிப்பை 1 ஆக்குங்கள்.

கேள்வி: மைஎஸ்க்யூஎல் கட்டளையில் பாஸ்வேர்டு எழுதினால் எச்சரிக்கை வருகிறதே என்று ‘.மை.சிஎன்எஃப்’ என்ற அமைப்புக் கோப்பில் வைத்தேன். இப்போது உள்ளேயே விடவில்லை.
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: பாஸ்வேர்டில் # இருக்கிறதா? அதற்குப் பிறகு வருவதெல்லாம் குறிப்புரை என்று வெட்டப்படும். மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். கோப்புக்கு 600 அனுமதி (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) போதும். யாரும் திருத்தலாம் என்று விட்டால் மைஎஸ்க்யூஎல் அதைப் படிக்கவே மறுக்கும். ‘ஸ்லீப்=10’ வரியை (மேலே சொன்ன ‘-ஐ 10’தான் இது; 10 விநாடிக்கு ஒருமுறை திரும்ப ஓடச் சொல்வது) மட்டும் அதில் வைக்காதீர்கள். ‘கிளையன்ட்’ பகுதியில் வைத்தால் ‘மைஎஸ்க்யூஎல்’ கட்டளை அதைப் புரியாமல் நின்றுவிடும்; ‘மைஎஸ்க்யூஎல்அட்மின்’ பகுதியில் வைத்தால் சர்வர் இருக்கிறதா என்று பார்க்கும் சாதாரண ‘பிங்’ கூட முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.