தாவர எண்ணெய் ரெசினும் மறுசுழற்சியும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

நான் பாலிமர் படித்தவன், ரெசின் (பிசின்போல ஊற்றி இறுக வைக்கும் பொருள்) ஆய்வகத்தில் வேலை. மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கப்பலூர், பைபர் பட்டறைக்காரர்: அண்ணே, வெட்டிப்போட்ட பைபர் துண்டு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. பிளாஸ்டிக் குடத்தை உருக்குகிறார்களே, இதை ஏன் உருக்க முடியவில்லை?

தம்பி, குடத்தில் மூலக்கூறுச் சங்கிலிகள் தனித்தனியாக இருக்கின்றன. சூடு பட்டால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி உருகும். நீங்கள் ஊற்றுகிற பாலியெஸ்டர் ரெசினில் கேட்டலிஸ்ட் (வினையூக்கி) விழுந்ததும் சங்கிலிகள் குறுக்கே பிணைந்து ஒரே வலையாகிவிடும். பலம் தருவதும் அந்தப் பிணைப்புதான், உருக விடாததும் அதுதான். அதைச் சூடேற்றினால் கருகும். 1907-ல் வேதியியலாளர் பேக்லாண்டு உருவாக்கிய பேக்லைட் என்ற பழைய பிளாஸ்டிக்குக்கும் இதே குணம்தான்.

இப்போதைக்கு இதற்குப் போக்கிடம் சிமெண்ட் சூளை. ரெசின் எரிபொருளாகும், கண்ணாடி இழையில் உள்ள சிலிக்காவும் கால்சியமும் கிளிங்கரில் (சிமெண்டாக அரைக்கும் கட்டியில்) சேரும். விருதுநகர்ப் பக்கம் ஆலைகள் இருக்கின்றன, எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். தயவுசெய்து பட்டறைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தாதீர்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது உங்கள் ஆட்கள்தான்.

அவரே: நம்ம ஊர் பிளாஸ்டிக் ரோட்டில் போடலாமா?

முடியாது. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்ட முறையில், சுடச்சுட இருக்கும் ஜல்லிமேல் பிளாஸ்டிக் உருகிப் படிய வேண்டும். உருகாத பொருளுக்கு அங்கே வேலை இல்லை.

தேனி, காற்றாலைப் பராமரிப்புப் பணியாளர்: காற்றாலை இறக்கையை மறுசுழற்சி செய்யும் ரெசின் வந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா சார்?

உண்மைதான். சீமென்ஸ் கமேசா நிறுவனம் 2021-ல் அப்படி ஓர் இறக்கையை அறிமுகம் செய்தது. அதன் ஹார்டனரில் (ரெசினை இறுக வைக்கக் கலக்கும் பொருளில்) அமிலம் பட்டால் அறுபடும் பிணைப்பு இருக்கிறது. வெதுவெதுப்பான மென்மையான அமிலத்தில் ஊறப்போட்டால் ரெசின் கரைந்து, கண்ணாடி இழை முழுசாகக் கிடைக்கும்.

2024-ல் அமெரிக்காவின் தேசிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் இன்னும் ஒரு படி மேலே போனது. தாவர மூலத்திலிருந்து எடுக்கக்கூடிய சேர்மங்களால் ரெசின் செய்து, அதில் 9 மீட்டர் இறக்கையே வார்த்தார்கள். அந்த ரெசினை மெத்தனாலில் 225 டிகிரியில் சுமார் 6 மணி நேரம் வைத்தால் பிரிந்துவிடுகிறது. அதிலிருந்து மறுபடி ரெசின் செய்யலாம்.

அப்புறம் விட்ரிமர் என்று ஒரு வகை உண்டு. பிரான்சில் லுட்விக் லைப்லர் குழு 2011-ல் வெளியிட்டது. அதில் பிணைப்பு அறுவதில்லை, சூட்டில் இடம் மாறுகிறது. கோலாட்டத்தில் ஜோடி மாறினாலும் வட்டம் கலையாதே, அந்த மாதிரி. அதனால் கெட்டியான பலகையைச் சூடேற்றி வேறு வடிவத்துக்கு அழுத்தலாம். ஆனால் அதே குணத்தால் தொடர்ந்து சூடும் பாரமும் தாங்கும் இடத்தில் மெல்ல நீண்டுவிடும். எஞ்சின் பக்கத்தில் வைக்கும் பாகத்துக்கு நான் இன்னும் துணியமாட்டேன்.

நீங்கள் இப்போது பராமரிக்கிற பழைய இறக்கைகளுக்கு இவை எதுவும் பொருந்தாது என்பதுதான் வருத்தம். பிரியும் குணத்தை ரெசின் கலக்கும்போதே வைக்க வேண்டும். பிறகு சேர்க்க வழியில்லை.

உசிலம்பட்டி, விவசாயி: தாவர எண்ணெய் ரெசினுக்கு ஆமணக்கு எண்ணெய் வேண்டுமாமே. கடலைக்கு ஓரப்பயிராகப் போடுவதை முழு வயலிலும் போடலாமா ஐயா?

ஆமணக்கு எண்ணெய்க்கு ரெசின் தொழிலில் நல்ல மதிப்பு உண்டு. அதன் கொழுப்பு அமிலத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். அதில் வேறு மூலக்கூறோடு பிணையக்கூடிய ஹைட்ராக்சில் தொகுதி இயற்கையாகவே இருப்பதால் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் செய்ய நேரடியாக உதவும். ஆனால் விலையைத் தீர்மானிப்பது குஜராத் விளைச்சல். புது ரெசினை நம்பி வயல் முழுக்கப் போடாதீர்கள், ஓரப்பயிராகவே இருக்கட்டும். இன்னொன்று, ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற நச்சு இருக்கிறது. மாட்டுக்கு வைத்துவிடாதீர்கள்.

அனுப்பானடி, பெயிண்ட் கடைக்காரர்: "பயோ எபாக்சி" என்று டப்பாவில் போட்டிருந்தால் மக்கிப்போகுமா?

போகாது. எபாக்சி என்பது ஹார்டனர் கலந்தால் இறுகும் ஒரு ரெசின். பயோ என்றால் அதன் கார்பன் தாவரத்திலிருந்து வந்தது என்றுதான் பொருள். முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெயிலிருந்து எடுக்கும் கார்டனாலைப் பாருங்கள். அதிலிருந்து செய்யும் ஹார்டனர் ஈரமான பரப்பிலும் இறுகும், கப்பல் பூச்சுக்கே போகிறது. அசல் தாவரச் சரக்குதான், ஆனால் இறுகியபின் மக்கவும் செய்யாது, பிரியவும் செய்யாது. விற்பனையாளரிடம் இரண்டு கேளுங்கள்: கார்பன்-14 சோதனையில் தாவரப் பங்கு எத்தனை சதவீதம்? எதில் போட்டால் பிரியும்? இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால் அது சாதாரண எபாக்சி போலத்தான் குப்பைக்குப் போகும்.

திருப்பரங்குன்றம், பொறியியல் மாணவி: கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய புராஜெக்ட் சொல்லுங்கள் சார்.

எபாக்சி ஏற்றிய சோயா எண்ணெயும் சிட்ரிக் அமிலமும் எடும்மா. இரண்டும் சேர்ந்தால் எஸ்டர் பிணைப்பு வலை உருவாகும், அந்தப் பிணைப்புகள் விட்ரிமரில் போலவே, தனி வினையூக்கி இல்லாமலே சூட்டில் இடம் மாறும். மெல்லிய தகடாக வார்த்து, இரண்டாக வெட்டி, வெட்டுமுகங்களைச் சேர்த்துச் சூடான பிரஸ்ஸில் அழுத்து. ஒட்டிய துண்டையும் வெட்டாத துண்டையும் இழுவைச் சோதனையில் ஒப்பிடு. தகடு ரப்பர் மாதிரி மெத்தென்று வரும், பயப்படாதே. தாவர எண்ணெயின் நீளமான வால்கள் செய்கிற வேலை அது. விறைப்பு வேண்டுமென்றால் வெனிலின் (வெனிலா மணம் தரும் பொருள்) மாதிரி பென்சீன் வளையம் உள்ள மூலப்பொருள் தேவைப்படும். அதை அடுத்த செமஸ்டருக்கு வைத்துக்கொள். ஒவ்வொரு வார்ப்பிலும் ஒரு துண்டை வெந்நீரில் போட்டு வைத்து எடை பார். எஸ்டர் பிணைப்பு தண்ணீரில் எவ்வளவு தாங்குகிறது என்று தெரியாமல் எந்தத் தொழிற்சாலையும் அதைத் தொடாது.