தோப்பை அடகு வைத்து கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்காதீர்கள்

உடுமலைப்பேட்டையிலிருந்து எழுதிய ஐயாவுக்கு,

பையனுக்குப் பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க். ஆனால் கவுன்சலிங்கில் நினைத்த கல்லூரி வராது போலிருக்கிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிடலாம் என்று பெங்களூரு சித்தப்பா சொல்கிறார். அதற்காகத் தோப்பை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், "லீவு விட்டால் கோவை கணபதியில் மாமா பட்டறையே கதி, கையெல்லாம் கரியோடு வருகிறான், அதுதான் பயமாக இருக்கிறது" என்றும் ஒரு வரி.

எனக்குப் பயம் தோப்பைப் பற்றித்தான். வைக்காதீர்கள். பையனை ஐடிஐ-யில் மெஷினிஸ்ட் படிக்க விடுங்கள்.

10 லட்சம் கடனுக்கு 10 சதவீத வட்டி என்று வையுங்கள். வருஷம் ஒரு லட்சம். பையன் முதல் சம்பளம் வாங்குவதற்குள் வட்டி மட்டும் நாலு லட்சம் போயிருக்கும். கட்டாமல் விட்டால் அசலோடு சேரும். அவன் படித்தது தனியார் பள்ளி என்பதால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் கிடையாது. சித்தப்பா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் வட்டி கட்டப்போவது அவர் இல்லையே. இன்னொன்று: மூன்று பக்கக் கடிதத்தில் பையன் கம்ப்யூட்டர் படிக்க ஆசைப்படுகிறான் என்று ஒரு வரிகூட இல்லை.

பி.இ. மெக்கானிக்கல், வங்கித் தேர்வு, போலீஸ் தேர்வு பற்றியெல்லாம் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அந்தக் கரி எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். அது வார்ப்பிரும்பை வெட்டும்போது பறக்கும் தூள். கோவையில் பம்ப் பாடியும் மோட்டார் பாடியும் வார்ப்பாக வந்து இறங்கும். அதன் முகத்தைச் சீவி, துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தால்தான் அது பம்ப் ஆகும். சுழலும் கட்டரால் இரும்பைச் சீவுவதுதான் மில்லிங். அங்கே வேலை செய்கிற மெஷின்களில் ஹாரிசாண்டல் மில்லிங் ஒன்று.

பழைய ஹாரிசாண்டல் மில்லிங்கில், அம்மியின் மேல் குழவி கிடக்கிற மாதிரி ஆர்பர், அதாவது கட்டர் மாட்டுகிற தண்டு, படுக்கையாகக் கிடக்கும். இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்திருப்பதால் கனமான வெட்டுக்கும் அசையாது. ஒரே ஆர்பரில் நாலைந்து கட்டரை வரிசையாக மாட்டினால், மேல்முகம், பக்கம், பள்ளம் எல்லாம் ஒரே ஓட்டத்தில் முடியும். இதைக் கேங் மில்லிங் என்பார்கள். இரண்டு கட்டரை நடுவில் இடைவெளி விட்டு மாட்டினால் ஸ்ட்ராடில் மில்லிங். உருண்டைக் கம்பியை அந்த இடைவெளிக்குள் ஒருமுறை விட்டால் எதிரெதிர் முகம் இரண்டும் வெட்டுப்படும். ஜாப்பை, அதாவது வெட்டுகிற பொருளை, அளவாகத் திருப்பும் கருவி டிவைடிங் ஹெட். அதில் 60 டிகிரி திருப்பித் திருப்பி மூன்றே ஓட்டத்தில் அறுகோணம் தயார்.

அந்த டிவைடிங் ஹெட்டில்தான் பையனின் கணக்கு மார்க்குக்கு வேலை. கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் ஜாப் ஒரு சுற்றுத் திரும்பும். 24 பல் கியர் வெட்ட வேண்டுமா? 40-ஐ 24-ஆல் வகுத்தால் ஒன்றும் மூன்றில் இரண்டும். அதாவது கைப்பிடிக்குப் பின்னால் உள்ள தகட்டில், 18 துளை வட்டத்தில் ஒரு முழுச் சுற்று, அப்புறம் 12 துளை. ஒரு துளை தப்பினால் கியர் போச்சு.

இதன் இன்றைய வடிவம் எச்எம்சி, அதாவது கணினி ஓட்டும் ஹாரிசாண்டல் மெஷின். கட்டர் மேலிருந்து இறங்குகிற வெர்டிகல் மெஷினில், குழிக்குள் தங்குகிற சிப்ஸை, அதாவது வெட்டுத் துகளை, கட்டர் திரும்ப அரைத்துத் தன் கூர்மையையே கெடுத்துக்கொள்ளும். ஹாரிசாண்டலில் வெட்டுகிற முகம் செங்குத்தாக நிற்பதால் சிப்ஸ் தானே கீழே விழுந்துவிடும். டூம்ஸ்டோன் என்கிற நாலுபக்கத் தூணில் பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ ஜாப் கட்டலாம். ஜாப் மாட்டுகிற மேஜைப் பலகைக்குப் பேலட் என்று பெயர். ஒரு பேலட் உள்ளே வெட்டுப்படும்போதே வெளியே அடுத்த பேலட்டில் ஜாப் மாட்டலாம். மெஷின் சும்மா நிற்காது. பெரிய லாபம் வேறிடத்தில். கியர்பாக்ஸ் ஹவுசிங்கில் எதிரெதிர்ச் சுவர்களில் பேரிங் உட்காரும் துளைகள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஜாப்பைக் கழற்றித் திருப்பி மாட்டுகிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விலகும். இங்கே ஜாப்பைக் கழற்றாமல் மேஜையே திரும்பிக் கொடுக்கும்.

சரி, குறையும் சொல்லிவிடுகிறேன். எச்எம்சி விலை அதிகம், சின்னப் பட்டறையில் இருக்காது. நின்றுகொண்டே வேலை, நைட் ஷிப்ட், உடம்பெல்லாம் கூலன்ட் வாடை. ஆரம்பச் சம்பளத்தைக் கேட்டு சித்தப்பா சிரிப்பார். அதைவிடப் பெரிய ஆபத்து, ஜாப்பை மாட்டி பட்டன் அமுக்குகிற வேலையிலேயே வருஷக்கணக்காக நின்றுவிடுவது. முதல் நாளிலிருந்தே கண் செட்டர் வேலை மேல் இருக்க வேண்டும்: ஜாப்பைப் பிடித்திருக்கும் ஃபிக்ஸ்சரை டயல் வைத்து நேர் பார்ப்பது, கட்டரின் நீள அளவை மெஷினுக்குச் சொல்லும் ஆஃப்செட் போடுவது, டிராயிங் படிப்பது, பிறகு புரோகிராம். கம்பெனிகள் தேடுவது அப்படிப்பட்ட ஆளைத்தான்.

படிப்பு இதுதான்: ஐடிஐ-யில் மெஷினிஸ்ட் டிரேடு, இரண்டு வருஷம். டர்னர் வேறு, ஃபிட்டர் வேறு. விண்ணப்பத்தில் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அரசு ஐடிஐ-யில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. முடித்ததும் பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பெல் போன்ற இடங்களில் மெஷினிஸ்ட்டுகளை அப்ரென்டிஸாக, அதாவது வேலை பழகுபவர்களாக, எடுக்கிறார்கள். "பட்டம் இல்லையே" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. ஐடிஐ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் அப்படியே. அப்போது அவன் சம்பாதித்த பணத்தில் படிக்கட்டும்.

இந்த வாரம் பையனைக் கூட்டிக்கொண்டு பக்கத்து அரசு ஐடிஐ-க்கு நேரில் போங்கள். பிராஸ்பெக்டஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்; முதலில் மெஷினிஸ்ட் பட்டறைக்குள் போய், ஹாரிசாண்டல் மில்லிங் ஓடுகிறதா, சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எச்எம்டி காலத்துப் பழைய மெஷின் என்றாலும் பரவாயில்லை, ஓட வேண்டும். ஒரு பயிற்சியாளனுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் மெஷினில் கை வைக்கக் கிடைக்கும் என்று இன்ஸ்ட்ரக்டரிடம் பையனே கேட்கட்டும். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த ஐடிஐ-யைப் பாருங்கள். கல்லூரிக்காரர்கள் அட்வான்ஸ் கேட்டுப் போன் செய்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.