பாட்டனார் காலத்துக் கம்பளம் என்ன விலை போகும்?

போன இதழில் கம்பளம் பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னேன். வட ஆற்காடு முழுக்கப் பரணிலிருந்து கம்பளங்கள் இறங்கிவிட்டன போலிருக்கிறது. வந்த கடிதங்களில் நான்கு இங்கே.

கேள்வி: தோல் வியாபாரம் செய்த எங்கள் பாட்டனார் வாங்கிப் போட்ட கம்பளம் வீட்டில் இருக்கிறது. ஒன்பதுக்கு ஆறடி, சிவப்பில் நீலப் பூ. பார்த்த ஒருவர் "பெர்ஷியா சரக்கு, பல லட்சம் போகும்" என்கிறார். பழைய சாமான் வாங்குகிறவர் ஐயாயிரத்துக்கு மேல் தரமாட்டேன் என்கிறார். யாரை நம்புவது?
- வாணியம்பாடி வாசகர்

பதில்: இரண்டு பேரையும் நம்பாதீர்கள். லட்சம் என்றவர் வாங்கப்போவதில்லை, அதனால் கோடி என்றுகூடச் சொல்லலாம். ஐயாயிரம் என்றவர் வாங்க வந்தவர், வேறெப்படிச் சொல்வார்? முதலில் நீங்களே ஒரு மூலையை மடக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே இருக்கிற பூவும் கொடியும் அடியிலும் அதே தெளிவோடு சின்னச் சின்ன முடிச்சாகத் தெரிந்து, வரிசைகள் அங்கங்கே லேசாகக் கோணியிருந்தால் அது கையால் முடிச்சுப் போட்டது. அடியில் கெட்டித் துணி ஒட்டியிருந்தால் 'டஃப்டட்', அதாவது துணியில் கம்பளி நூலை ஒரு கருவியால் குத்தி இறக்கிப் பசை பூசி மூடியது. அதையும் கடையில் 'ஹேண்ட்மேட்' என்றுதான் விற்பார்கள். முழுப் பொய்யும் இல்லை, ஆனால் திருப்பி விற்கப் போனால் யாரும் சீந்த மாட்டார்கள். அப்புறம் குஞ்சம். கைமுடிச்சில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலே நீண்டு வந்து குஞ்சமாக நிற்கும். தனியாகத் தைத்திருந்தால் சந்தேகப்படுங்கள், பழசு தேய்ந்து போய் மாற்றித் தைத்திருக்கவும் கூடும் என்றாலும்.

கைமுடிச்சுதான் என்று உறுதியானதும் அதன் நிலைமையைப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் பூச்சி அரித்த இடமும் தேய்ந்த இடமும் தெரிந்துவிடும். மெதுவாக மடக்கும்போது படபடவென்று சத்தம் வந்தால் உள்ளே பருத்தி நூல் மக்கிவிட்டது என்று அர்த்தம், அதன் பிறகு பூ எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனமில்லை. ஈர வெள்ளைத் துணியால் ஒரு ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள், சாயம் இறங்கினால் விலையும் இறங்கும். பழசு என்பதற்காக மட்டும் யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்.

இந்தத் தொழிலிலேயே ஊறியவர்களும் கோட்டை விடுவதுண்டு. 2009இல் ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் ஒரு கம்பளத்துக்கு ஏலக்காரர் போட்ட மதிப்பு 900 யூரோ. ஏலத்தில் அது இருபதாயிரம் யூரோவை நெருங்கிப் போனது. அடுத்த ஆண்டே லண்டனில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் அதே கம்பளம் 62 லட்சம் பவுண்டுக்கு விற்றது! முதலில் விற்ற அம்மா ஏலக்காரர் மேல் வழக்குப் போட்டுத் தோற்றும் போனார். அது ஈரானின் கெர்மானில் நெய்த 17ஆம் நூற்றாண்டுக் கம்பளம், உங்களுடையதும் அப்படித்தான் என்று கனவு காண வேண்டாம். ஆனால் உங்கள் கம்பளத்தை வாங்கும் எண்ணமே இல்லாத, இதைத் தெரிந்த ஒருவரிடம் கூலி கொடுத்து, எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். விற்கிற பேச்சு அதற்குப் பிறகு.

கேள்வி: கண்காட்சியில் ஒரு வியாபாரி ஆறுக்கு நாலடி காஷ்மீர் கம்பளத்தை "சுத்தப் பட்டு, இன்ச்சுக்கு 900 முடிச்சு" என்று 60,000 ரூபாய் சொல்கிறார். வாங்கலாமா? எங்கள் வீட்டில் பட்டு நெசவுதான்.
- ஆரணி வாசகி

பதில்: நெசவு வீடு என்கிறீர்கள், கூலிக் கணக்குப் போட்டுவிடலாம் அம்மா. ஆறுக்கு நாலு என்றால் 3,456 சதுர அங்குலம். 900 முடிச்சு வீதம் 31 லட்சத்துக்கு மேல். கை தேர்ந்தவர் ஒரு நாளில் எட்டாயிரம், பத்தாயிரம் முடிச்சு போட்டால் அதிகம். அப்படிப் பார்த்தால் ஒரு ஆள் ஒரு வருஷம் தறியை விட்டு எழுந்திருக்கவே கூடாது. ஒரு வருஷக் கூலி, பட்டு நூல் விலை, வியாபாரி லாபம் எல்லாம் அறுபதாயிரத்துக்குள் அடங்குமா? ஒன்று முடிச்சுக் கணக்கு பொய், இல்லை பட்டு பொய்.

அடிப்பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஒரு அங்குலத்துக்குக் குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை என்று எண்ணிப் பெருக்குங்கள். பட்டுக்கு நூலை எரித்துப் பார்க்கும் வழி உங்களுக்குத் தெரியாததா? மயிர் பொசுங்குகிற நாற்றம் வந்தால் பட்டு, காகிதம் எரிகிற வாசனை வந்தால் விஸ்கோஸ், அதாவது மரக்கூழிலிருந்து செய்கிற செயற்கை நூல். 'பேம்பூ சில்க்' என்று பெயர் வைத்தாலும் அது விஸ்கோஸ்தான். காஷ்மீர் கைமுடிச்சுக் கம்பளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. 2022 முதல் கியூஆர் கோடு லேபிளும் வந்திருக்கிறது. லேபிள் எங்கே என்று கேளுங்கள், வியாபாரி முகத்தையும் பாருங்கள்.

கேள்வி: வேலூர் லாங் பஜாரில் 7,000 ரூபாய்க்கு 'டர்க்கி கார்பெட்' வாங்கினேன். லேபிளில் பாலிபுரொப்பிலீன் என்று போட்டிருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
- சத்துவாச்சாரி வாசகர்

பதில்: துருக்கியின் காஸியாந்தெப்பில் மெஷின் கம்பளம் மலை மலையாக நெய்கிறார்கள், கடைக்காரர் உண்மையைக்கூடச் சொல்லியிருக்கலாம். அது பிளாஸ்டிக் நூல். குழந்தைகள் எதையாவது கொட்டினால் துடைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: வாலாஜாபேட்டையில் அம்மா வீட்டுப் பரணில் ஒரு கம்பளம். ஒரு மூலையைப் பூச்சி அரித்திருக்கிறது. சரிசெய்ய 15,000 கேட்கிறார்கள். செய்துவிட்டு விற்கலாமா?
- ராணிப்பேட்டை வாசகி

பதில்: செய்யாதீர்கள். போட்ட பதினைந்தாயிரம் விலையில் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது, ஓட்டையை நூலால் இழைத்து அடைக்கிற ரஃபூ வேலை மட்டமாக இருந்தால் இருக்கிற விலையையும் கெடுக்கும். அரித்த மூலையை வெட்டி ஓரம் அடித்துக் கொடுக்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வாலாஜாவிலேயே ஒரு காலத்தில் கம்பளம் நெய்தார்கள், அதனால் எடுத்த எடுப்பில் பெர்ஷியா என்றும் முடிவு கட்ட வேண்டாம். அடிப்பக்கத்தை மேலே திருப்பி நம் ஊர் வெயிலில் கொஞ்ச நேரம் போட்டு, இரண்டு பக்கமும் பிரஷ்ஷால் தட்டிப் புழுவை விரட்டுங்கள். மடிக்காமல் சுருட்டிப் பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே வியர்த்துவிடும். விற்கும்போது முழுப் படம், அடிப்பக்கம், குஞ்சம், அரித்த மூலை எல்லாவற்றையும் எடுத்து, நீள அகலத்தோடு இரண்டு மூன்று பேருக்கு அனுப்புங்கள். அரித்த மூலையை மறைத்து அனுப்பினால், நேரில் வந்து பார்க்கிறவர் அதைக் காட்டியே பாதி விலைக்கு அடித்துப் பேசுவார்.