கேள்வி – பதில்: வீட்டிலிருந்தே பல்துறை முதுகலைமாணி

கேள்வி: 2016இல் வவுனியா வளாகத்தில் வியாபார முகாமைத்துவமாணி முடித்து, இப்போது படிப்பிக்கிறேன். வரலாறு, மானிடவியல், இலக்கியம் மூன்றிலும் விருப்பம். கனடாவில் நிகழ்நிலையாகப் பல்துறை முதுகலைமாணி இருக்கிறதாமே, என்னை எடுப்பார்களா? — ஆசிரியை, புதுக்குடியிருப்பு

பதில்: முதற்பட்டம் வேறு துறை என்பது இந்தப் படிப்பில் பெரிய தடையில்லை. அல்பேர்ட்டாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகம் போன்றவை இதற்குப் பெயர்பெற்றவை. விண்ணப்பம் சறுக்குவது நோக்கக் கடிதத்தில்தான். “மூன்றிலும் விருப்பம்” என்று எழுதினால் தெரிவுக்குழுவுக்கு ஒன்றும் பிடிபடாது. ஒரு துறையால் மட்டும் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியை வையுங்கள். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகக் கிளிநொச்சிக் கமக்காரர் ஏன் சம்மதிக்கவில்லை? குளத்தின் கொள்ளளவு, சிறுபோகப் பங்கீடு, குடியேற்றத் திட்டங்களின் வரலாறு, ஊருக்கு ஊர் உள்ள மனக்குறை எல்லாம் அதற்குள் வந்துவிடும். உங்கள் முகாமைத்துவப் படிப்பும் வீண்போகாது.

வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது 2021 ஓகஸ்ட் 1இல். அதுவரை அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம் என்பதால் உங்கள் பட்டம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினுடையது. விண்ணப்பத்திலும் அந்தப் பெயரையே எழுதுங்கள். பெறுபேற்றுப் பத்திரம் பல்கலைக்கழகத்திலிருந்து நேரே போகவேண்டும். நீங்கள் ஸ்கேன் செய்து அனுப்புவது பெரும்பாலும் முதற்கட்டப் பார்வைக்கு மட்டுமே. பட்டச் சான்றிதழில் முதலெழுத்தும் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாகவும் இருந்தால் இப்போதே சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் கிடந்து இழுபடுவது அனேகமாக இந்தப் பெயர்ச் சிக்கலால்தான்.

கேள்வி: கனடாவின் இந்த நிகழ்நிலைப் பட்டம் இலங்கையில் செல்லுமா? — மாங்குளம் வாசகர்

பதில்: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு முதலில் பார்ப்பது, அந்தப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைந்நூலிலோ இருக்கிறதா என்பதை. இருந்தாலும் பதவி உயர்வுக்கு எடுப்பதா என்பது வேலை தருபவரின் முடிவு. காசு கட்ட முன்னர் வலயக் கல்விப் பணிமனையில் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு பிறகு உதவாது.

கிரெடிட் கணக்கிலும் ஏமாறாதீர்கள். பட்டங்களை மட்டம் மட்டமாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடங்களுக்கு ஒரு கிரெடிட் 50 மணி நேரப் படிப்பு. 9ஆம் மட்ட முதுமாணிக்கு 30 கிரெடிட். ஆய்வோடு கூடிய 10ஆம் மட்டத்துக்கு 60. வட அமெரிக்காவில் ஒரு கிரெடிட் ஏறக்குறைய 45 மணி. அங்கே 36 கிரெடிட் படிப்பு என்றால் 1,620 மணி. மணிக்கணக்கில் எங்கள் 9ஆம் மட்டத்தைச் (1,500) சற்றே தாண்டும், 10ஆம் மட்டத்துக்கு (குறைந்தது 3,000) எட்டாது. பிறகு கலாநிதிப் பட்டம் வரை போகும் எண்ணமிருந்தால் பாடங்களோடு மட்டும் முடியும் பாதையை விட்டு ஆய்வேட்டுப் பாதையை எடுங்கள்.

கேள்வி: வேலையோடு சமாளிக்கலாமா? — கிளிநொச்சி வாசகி

பதில்: ஒரு தவணைக்கு ஒரு பாடம் என்றால் சமாளிக்கலாம். 3 கிரெடிட் பாடத்துக்கு 15 வாரமும் வாரம் 9 மணி தேவை. இரண்டு எடுத்தால் 18 மணி; பரீட்சை விடைத்தாள் திருத்தும் மாதத்தில் அது கவிழும்.

நேரலை வகுப்பு கட்டாயமா என்று கேட்டுவிட்டே சேருங்கள். ரொறன்ரோவில் இரவு 7 மணி வகுப்பு, குளிர்காலத்தில் உங்களுக்கு விடிய 5.30, மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றிய பின் 4.30. ஒப்படைக்கு “இரவு 11.59” என்று போட்டிருந்தால் மறுநாள் காலை 10.29 வரை, மார்ச்சுக்குப் பின் 9.29 வரைதான் நேரம். அந்த நேரம் மின்வெட்டு வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். முதல்நாள் இரவே ஏற்றிவிடுங்கள்.