எனோகி காளான்: காட்டில் தேன் நிறம், கடையில் வெள்ளை

கேள்வி: கடையில் நூல் நூலாக, வெள்ளையாக வரும் எனோகியும் ஜப்பான் காட்டில் தேன் நிறத்தில் குடை விரித்து நிற்பதும் ஒன்றா?

பதில்: ஒரே இனம்தான். காட்டில் பின்பனி வரைக்கும் பட்ட மரங்களில் கொத்தாக முளைக்கும். எனோகி என்பதே அங்குள்ள ஒரு மரத்தின் பெயர். குடை சில செ.மீ. அகலம், தொட்டால் வழுக்கும். தண்டு குட்டை, அடிப்பகுதி கருத்து, வெல்வெட் போலிருக்கும்.

கேள்வி: அப்படியென்றால் வெளுக்க மருந்து போடுகிறார்களா?

பதில்: இல்லவே இல்லை. வெள்ளை ரகங்களைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறார்கள். பழைய ரகங்கள் வெளிச்சம் பட்டால் பழுப்பேறும், இவை ஏறாது. நீளத்துக்குக் காரணம் கரியமில வாயு. அது கூடினால் தண்டு நீளும், குடை விரியாது.

ஜப்பானின் நாகானோ மாகாணப் பண்ணைகளில் மரத்தூள் அல்லது பொடித்த மக்காச்சோளத் தக்கையுடன் அரிசித் தவிடு கலந்து, புட்டியில் அடைத்து, நீராவியில் கிருமி நீக்கி வித்திடுவார்கள். ஏறக்குறைய 20 டிகிரியில் பூசண இழை மூன்று, நான்கு வாரத்தில் பரவிவிடும். பிறகு மேற்பரப்பைச் சுரண்டி, 15 டிகிரியில் மொட்டு விடவைத்து, 3–5 டிகிரிக்கு இறக்குவார்கள். இந்தக் குளிரைத் தவிர்த்தால் தண்டுகள் ஏறுக்குமாறாக வளரும். மொட்டு புட்டி வாய்க்கு மேல் 2–3 செ.மீ. வந்ததும் சுற்றிலும் காகிதம் அல்லது பிளாஸ்டிக் உறை கட்டுவார்கள். காளான் மூச்சாக விடும் கரியமில வாயு உள்ளேயே தங்கும். உறை கட்டாமல் காற்றோட்டம் மிகுந்தால் காட்டுக் காளான் போலவே குட்டையாகி விரிந்துவிடும்.

கேள்வி: சென்னையில் மொட்டைமாடிக் குடிலில் வளருமா?

பதில்: குளிரூட்டிய அறை இல்லாமல் முடியாது. அந்த இடத்தில் பால் காளான் போடுங்கள், சூட்டைத் தாங்கும்.

கேள்வி: குளிர்நாட்டில் வசிக்கிறேன். காட்டில் பறிக்கலாமா?

பதில்: தனியாக வேண்டாம். கல்லீரலை அழிக்கும் கேலரினா என்ற நச்சுக் காளானும் அதே மாதிரி மரத்தில் முளைக்கும். எனோகியின் வித்துத்தூள் வெள்ளை, தண்டில் வளையம் இல்லை. கேலரினாவின் தூள் துருப்பழுப்பு. வளையம் இருக்கும், ஆனால் உதிர்ந்தும் போகும். ஆகவே குடையைக் கறுப்புத் தாளில் இரவு முழுக்கக் கவிழ்த்துத் தூளின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளைத் தூள் மட்டும் போதாது. தெரிந்தவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: சாலட்டில் பச்சையாகப் போடலாமா?

பதில்: கூடாது. 2016 முதல் 2019 வரை அமெரிக்காவில் எனோகி வழியே லிஸ்டீரியா பரவி உயிர்கள் போயின, 2020இல்தான் காரணம் தெரிந்தது. அந்தக் கிருமி குளிர்பெட்டியிலும் பெருகும். கர்ப்பிணிகள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். அடியில் 2–3 செ.மீ. வெட்டி எறிந்து, கொத்தைப் பிரித்து, கொதிக்கும் குழம்பிலோ சூப்பிலோ முழுதாக வேகவையுங்கள். காளான் தொட்ட கத்தியையும் பலகையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.