பழைய வீட்டுக் கணினிகளில் பின்பால் (சாய்வான மேசையில் பந்தை அடித்துப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு) மேசையை நாமே வடிவமைக்க முடிந்ததா?

தாராளமாக முடிந்தது. நிரலாளர் பில் பட்ஜ் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதிய ‘பின்பால் கன்ஸ்ட்ரக்ஷன் செட்’ என்ற மென்பொருள்தான் இதில் பேர்போனது. 1983-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்டது. கமடோர் 64 கணினிக்கும் வந்தது.

திரையில் ஒரு பக்கம் காலி மேசை, மறுபக்கம் பிளிப்பர் (பந்தை அடிக்கும் துடுப்பு), பம்பர் (பட்ட பந்தை எகிறவைக்கும் முட்டு) போன்ற உதிரிகள். கை வடிவச் சுட்டியால் எடுத்து வேண்டிய இடத்தில் வைத்தால் சரி, நிரலே எழுத வேண்டாம். எனக்குப் பிடித்தது, ஈர்ப்பு விசையையே மாற்றலாம் என்பதுதான்! அதைக் குறைத்தால் பந்து மிதப்பதுபோல மெதுவாக இறங்கும். மீள்தன்மையைக் கூட்டினால் சுவரில் பட்டுத் தெறித்துக்கொண்டே இருக்கும். பந்து அடிக்க வேண்டிய இலக்குகளைத் தர்க்க வாயில்களோடு (நிபந்தனைகள் நிறைவேறியதா என்று பார்க்கும் உறுப்புகள்) இணைத்து, எல்லாவற்றையும் அடித்தால்தான் போனஸ் என்றும் வைக்கலாம். அப்புறம், செய்த மேசையைத் தனி விளையாட்டாக வட்டில் பதிந்து கொடுத்தால், மூல மென்பொருள் இல்லாமலே நண்பர் ஆடலாம்.