மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சை அளிக்க மருத்துவ மாணவர்களை எப்படிப் பழக்கலாம்?

முதலில், நோயாளியிடமே கேள்வி கேட்கப் பழக்குங்கள். இதைச் சொல்ல எனக்கு இருக்கும் தகுதி ஒன்றுதான்: ஓலை வெட்ட ஏறிய பனையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு உடைந்தவன் நான். பதினான்கு வருடங்களாகச் சக்கர நாற்காலியில் யாழ்ப்பாணத்துக் கிளினிக் வாசல்களில் காத்திருக்கிறேன். நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. வாயும் காதும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனாலும் வெள்ளை அங்கி போட்ட பிள்ளைகள் என் மனைவியிடம்தான் கேட்பார்கள்: "இவருக்கு என்ன செய்கிறது?" விடையை நான் சொல்வேன். அடுத்த கேள்வியும் அவளிடமே போகும்.

மனம் நோகிற சங்கதி மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஓர் இரவு, ஒரு வைத்தியசாலையில் (பெயர் வேண்டாம்), மண்டை பிளக்கிற தலையிடியோடு கிடந்தேன். முகமெல்லாம் வியர்வை. இரத்த அழுத்தம் 150. கொஞ்சம் கூடத்தான், மாத்திரை போட்டால் சரி என்றார் இளம் வைத்தியர். எனக்கு வழக்கமாக அது 100தான். நெஞ்சின் மேற்பகுதியிலோ கழுத்திலோ முண்ணாண் (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு) அடிபட்டவர்களுக்குச் சலப்பை (சிறுநீர்ப்பை) நிரம்பினாலே போதும், இரத்தக் குழாய்கள் இறுகி அழுத்தம் தாறுமாறாக ஏறும். மூளை அனுப்பும் தணிக்கும் கட்டளை காயத்தைத் தாண்டிக் கீழே போகாது. கவனிக்காவிட்டால் மூளையில் இரத்தக் கசிவுவரை கொண்டுபோய்விடும். நிமிர்த்தி உட்காரவைத்து, சலம் வெளியேறும் குழாயைப் பார்ப்பதுதான் முதல் வேலை. மூன்று தரம் சொன்னேன். கடைசியில் மனைவிதான் போர்வையை விலக்கினாள். குழாய் என் தொடைக்கடியில் நசிந்து கிடந்தது. எடுத்துவிட்ட சில நிமிடங்களில் தலையிடி இறங்கியது.

அந்த வைத்தியரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சில இடங்களில் மாணவர்களை ஒரு மணி நேரம் சக்கர நாற்காலியில் இருத்திப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எழுந்து போகும்போது இரக்கத்தைத்தான் கொண்டுபோவார்கள். அதற்குப் பதிலாக எங்களைக் கூப்பிடுங்கள், போக்குவரத்துச் செலவோடு சம்பளமும் கொடுத்து. கட்டிலுக்கு எப்படி மாற்றுவது, படுக்கைப்புண் எங்கே தொடங்கும், நிற்க முடியாதவரை நாற்காலியோடு எடை பார்த்து, நாற்காலியின் எடையை எப்படிக் கழிப்பது என்றெல்லாம் எங்கள் உடம்பை வைத்தே காட்டுவோம். குத்துமதிப்பாக எடை எழுதி மருந்து கொடுத்த கதைகள் என்னிடம் நிறைய உண்டு. காது கேளாதவர்களோடு பேசப் பழக, கைதடி நவீல்ட் பாடசாலை பக்கத்திலேயே இருக்கிறது.

இது தயவு கேட்பதும் அல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 25ஆம் உறுப்புரை, மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் எங்களுக்கும் சிகிச்சை வேண்டும் என்கிறது. அதற்காகச் சுகாதாரப் பணியாளருக்குப் பயிற்சி கொடுக்கவும் சொல்கிறது.

போன வருடம் ஒரு மாணவி முக்காலியை இழுத்துப்போட்டு என் கண்மட்டத்துக்கு இருந்தாள். "அண்ணா, உங்களுக்கு வழக்கமான பிரஷர் எவ்வளவு?" என்று கேட்டாள். சொன்னேன். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி, இரண்டு கோடும் போட்டாள். இப்போது எங்கே போனாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் நீட்டுகிறேன்.